இடத்தை விட்டுக்கொடுக்க வந்தவர்

— லிஃப்ட் மெக்கானிக்கே படியேறி வந்தா, நாங்க எதை நம்பி லிஃப்ட்ல ஏறுறது, தம்பி? உக்காருங்க. சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு.

— இல்லக்கா, நிக்கிறேன். தப்பா நெனைக்காதீங்க. பிரசவத்துக்குத் துணை இருக்கிறேன்னு என் பொண்டாட்டிக்கு ஒரு இடம் ஒதுக்கினீங்கல்ல, அத வேற யாருக்காவது குடுத்துடுங்க.

— பாருங்க தம்பி, காசுதான் விஷயம்னா விட்டுத் தள்ளுங்க. எல்லாரும் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவாங்க. நீங்க ஒருத்தர்தான் ஏத்தச் சொல்லிப் பேரம் பேசினீங்க. வசதியுள்ள வீட்டுல முழுசா வாங்குறோம். அதுல மிஞ்சுறத வச்சுத்தான் உங்கள மாதிரி வீடுகளுக்கு வர்றோம். அன்னிக்கே சொன்னேனே.

— அதாங்க்கா. அடுத்தவங்க காசு. வீணாப் போகக் கூடாதுல்ல.

— எதுக்கு வீணாப் போகுது?

— சும்மா சொன்னேன்.

— மத்தியானத்துலேர்ந்து எதிர்த்த கடை வாசல்ல மழையில நிக்கிறீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. இப்ப சாயங்காலம். சும்மாவா நின்னீங்க? அவ நல்லா இருக்காளா?

— அவ இருக்கா. குழந்தைதான்... ரெண்டு நாளா அசைவு இல்லன்னா. நேத்து ஸ்கேன் பண்ணினாங்க. துடிப்பு நின்னுடுச்சாம்.

— ஐயோ, தம்பி.

— அழாதீங்கக்கா. நீங்க அழுதா என்னால இங்க நிக்க முடியாது. எத்தன பேரு உங்ககிட்ட வரிசையில காத்திருக்காங்க. உசுரோட இருக்கிற பிள்ளைக்கு அந்த இடம் போகட்டும். உங்களுக்குக் காசு கட்டுற பெரிய வீட்டம்மா நாளைக்கு உங்கள நிறுத்தி, என் காசுல பொறந்த பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்டா, என்ன சொல்லுவீங்க?

— அத நான் பாத்துக்கிறேன். அவ இப்ப எங்க?

— ஆஸ்பத்திரியில. காலையில சேத்தேன்.

— கூட யாரு?

— யாருமில்ல. பிரசவ வார்டுல ஆம்பளைங்கள விட மாட்டாங்க. அவளுக்கு அம்மா இல்லன்னு உங்களுக்குத் தெரியுமே. ஆனா பயமில்லக்கா. தூங்குறதுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. மயக்கத்துலயே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

— யார் சொன்னா?

— டாக்டரம்மா ஏதோ சொன்னாங்க. எனக்குக் காதுல ஏறல. அப்படித்தானே பண்ணுவாங்க?

— இல்ல தம்பி. அது தூங்குறதுக்குக் குடுத்த மாத்திரை இல்ல. வலி வர்றதுக்கு.

— வலியா? இனிமே எதுக்குக்கா வலி?

— பெக்கணுமே. வேற வழி இல்லன்னாத்தான் வயித்தக் கிழிப்பாங்க. மத்தவங்க படுற அதே வலியப் பட்டு, முக்கி, அவதான் வெளிய கொண்டு வரணும். பக்கத்துக் கட்டில்ல பிள்ளை அழும். இவ பிள்ளை அழாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

— அவளுக்கு இது தெரியுமா?

— தெரியாம முழுங்கியிருக்க மாட்டா.

— அதான்... கிளம்புறப்ப, பிள்ளைக்குன்னு வாங்கி வச்சிருந்த குட்டிக் குல்லாவ எடுத்துப் பையில வச்சா. அவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சு, அதப் பிடுங்கி பீரோவுல போட்டுப் பூட்டிட்டேன். அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா.

— சாவி எங்க?

— பாக்கெட்லதான் இருக்கு.

— போய் அந்தக் குல்லாவ எடுத்துட்டு வாங்க. நான் நேரா வார்டுக்குப் போறேன்.

— நீங்க போய் என்னக்கா பண்ணுவீங்க? காப்பாத்தவா முடியும்?

— முடியாது. இடுப்ப அமுக்கி விடுவேன். கையக் குடுப்பேன், நசுக்கட்டும். பொறந்ததும் தொடச்சு, துணி சுத்தி, குல்லா மாட்டி அவ மடியில வைப்பேன். கேக்க ஆள் இல்லன்னா, அவ முகம் பாக்குறதுக்குள்ள மூடி எடுத்துட்டுப் போயிடுவாங்க தம்பி. நகருங்க, செருப்பு மாட்டணும். காசு, வரிசை, பெரிய வீட்டம்மா, எல்லாத்தையும் யோசிச்சீங்க. அக்கா வேணுமான்னு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

— கேக்கவே வேணாம்க்கா. காலையில மாத்திரைய வாயில போட்ட கையோட, ஓடிப்போய் அக்காவக் கூட்டிட்டு வான்னுதான் என்னை அனுப்பினா.