பதினான்காம் எண் படத்தில் இரண்டு விரல்களைச் சுரண்டியது பற்றி

பதிவேட்டில் உள்ள பெயரையும் கதவு எண்ணையும் காவல் நிலைய எழுத்தர் மேலே எழுதிக்கொண்டார். என்னை எல்லோரும் கூப்பிடுவது டப்பாக்காரி என்று. வயது நாற்பத்தெட்டு. பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷினில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, தூண்டிவிடவும் இல்லை.

கேட்ட நிறம் இது இல்லை என்று வாடிக்கையாளர்கள் திருப்பித் தரும் டப்பாக்களை முதலாளி என்னை எடுத்துக்கொள்ளச் சொல்வார். அவற்றைக் கொண்டு பிளைவுட் துண்டுகளில் படம் வரைந்துவருகிறேன். யாரிடமும் போய்க் கற்றதில்லை. கற்காதது குற்றமா என்று கேட்டேன். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

என் கணவர் மரம் அறுக்கும் பட்டறையில் வேலை செய்தவர். பதினொரு வருடத்துக்கு முன் அறுவை மெஷினில் அவருடைய வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. அதன் பிறகு அவர் அந்தக் கையை வெளியே எடுத்ததில்லை. தேநீரை இடது கையால் வாங்குவார். போட்டோவில் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளித்துக்கொள்வார். அவரை வரைகிறேன் என்று ஆறு வருடம் கேட்டுப் பார்த்தேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவராகவே வந்து மேஜைமேல் கையை விரித்து வைத்து, "வரையிறதா இருந்தா உள்ளத வரை. இல்லாதத ஒட்டவைக்காத" என்றார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்தார். படம் முடிந்த பிறகு அவர் கையைப் பைக்குள் ஒளிப்பதை விட்டுவிட்டார். பக்கத்துக் கடைக்குப் போய் அந்தக் கையாலேயே பால் வாங்கி வந்தார். அந்தப் படம்தான் கண்காட்சியில் பதினான்காம் எண்.

அதன் பிறகு, சுவருக்கு நிறம் வாங்கக் கடைக்கு வந்த காட்சிக்கூடக்காரர் என் படங்களைப் பார்த்து, கண்காட்சி வைத்துப் புத்தகமும் போடுவதாகச் சொல்லி, இரண்டு மாதத்துக்கு முன் இருபத்திரண்டு படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். புத்தகத்துக்கு முன்னுரை எழுதப்போவது ஓவியக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் என்றார். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "நீங்க ஏன்க்கா அலையணும், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நம்பினேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு நானும் கணவரும் காட்சிக்கூடத்துக்குப் போனோம். அவர் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை அணிந்திருந்தார். என்னை ஒரு மேஜை முன் உட்காரவைத்து, நாற்பது புத்தகங்களை அடுக்கி, கையெழுத்துப் போடப் பேனா கொடுத்தார்கள். கணவர் தனியாகச் சுற்றிப் பார்க்கப் போனார். நான் மூன்று புத்தகங்களில் கையெழுத்திட்டு, வாங்கியவர்கள் கொண்டுபோன பிறகு, நிமிர்ந்து பார்த்தேன். கணவர் பதினான்காம் எண் படத்தின் முன் நின்றிருந்தார். அவருடைய வலது கை கால்சட்டைப் பைக்குள் போயிருந்தது.

எழுந்து போனேன். நாலடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது, அந்தப் பழுப்பு என் கலவை இல்லை. என்னுடையதில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதில் சிவப்பு ஏறியிருந்தது. கையில் ஐந்து விரல் இருந்தது. நகம்கூட வரைந்திருந்தார்கள்.

யார் செய்தது என்று கேட்டேன். காட்சிக்கூடக்காரர் ஆசிரியரைக் கூப்பிட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "முறையா கத்துக்காதவங்களுக்குக் கை வராதும்மா. மத்ததெல்லாம் பிரமாதம், இது ஒண்ணுதான் கண்ண உறுத்திச்சு. நானே சரிபண்ணிட்டேன்" என்றார். "அவர் கையே அப்படித்தான் சார்" என்றேன். ஆசிரியர் என் கணவரைப் பார்த்தார். கணவர் கையை வெளியே எடுக்கவில்லை. அப்போது காட்சிக்கூடக்காரர், "விடுங்கக்கா, பாக்க நல்லாத்தானே இருக்கு, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது இதுதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோபத்தை எல்லாம் எழுத வேண்டியதில்லை என்று எழுத்தர் சொன்னார், எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு, டப்பா மூடியில் காய்ந்ததைச் சுரண்ட நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் தகட்டை எடுத்து, அந்த இரண்டு விரல்களை மட்டும் சுரண்டினேன். படம் விற்றாகிவிட்டது என்று சிவப்பு வில்லை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் செய்தேன். மேலே பூசியது புதிது என்பதால் லேசாக வந்துவிட்டது, அடியில் நான் வரைந்த மேஜை அப்படியே இருந்தது. ஆசிரியரைத் தள்ளினேன் என்று புகாரில் இருப்பது பொய். தகட்டைப் பார்த்து அவராகவே பின்னால் போய் நாற்காலியில் விழுந்தார்.

அதன் பிறகு, என் இடத்தில் வந்து உட்கார்ந்து, மீதி முப்பத்தேழு புத்தகங்களிலும் அந்தப் படம் அச்சாகியிருந்த முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டு விரல்களைப் பேனாவால் அடித்து, பக்கத்திலேயே கையெழுத்திட்டேன். வரிசையில் நின்றவர்கள் யாரும் கலையவில்லை. கடைசிப் புத்தகத்தை முடிக்கும்போது காவலர் வந்தார்.

இன்று காலை காட்சிக்கூடக்காரர் இங்கே வந்து, ஆத்திரத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ஆய்வாளரும், "எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். எழுதிக் கொடுக்க மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். என் கையெழுத்தோடு வெளியே போன மூன்று புத்தகங்களில் என் வீட்டுக்காரருக்கு ஐந்து விரல் இருக்கிறது. வாங்கியவர்களின் முகவரி காட்சிக்கூடக்காரரிடம் இருக்கிறது. அதை எனக்கு வாங்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பேனாவோடு நானே போய்க்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, யாரும் எதையும் சரிபண்ணவில்லை என்று தெரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)