இத்தாலிக் காசு

இல்ல அண்ணாச்சி, விக்க வரல. இந்தப் பழைய காசுகளுக்கு விலை மட்டும் சொன்னாப் போதும். ஒண்ணொண்ணாப் பாருங்க, எனக்கு அவசரமில்ல. வேற ஆளு கடைக்கு வந்தா மட்டும் இந்த டப்பாவ மூடிருங்க. எங்க தெரு ஆளுக கண்ணு பொல்லாத கண்ணு.

அது வெள்ளியா? சத்தத்த வச்சே சொல்லிப்புட்டிய! எந்த ஊரு ராஜா தலையோ. கல்யாண நாளைக்குன்னு எங்க வீட்டுக்காரரு கொண்டாந்தாரு. என்ன போகும்? மூவாயிரத்துக்கு மேலயா? மாதாவே! நான் அத பவுடர் டப்பாக்குள்ளல்லா போட்டு வச்சிருந்தேன்.

மத்தது ஒண்ணுக்கும் பெருசா வராதுங்கிய. தெரியும். யூரோ வந்த பெறவு இத்தாலியில இந்த லிராக் காசு செல்லாதுன்னு இப்ப எனக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியாது, பாவம். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏத்திட்டுப் போற தோணியில கெடந்த மனுசன், இத்தாலிய எங்கன கண்டாரு? பெரிய கப்பல்ல வேலைன்னான் மும்பை ஏஜென்ட்டு ஒருத்தன். என் சங்கிலிய வித்து அவனுக்குக் கட்டினோம். பெறவு போன்ல இத்தாலித் துறைமுகமாச் சொல்லுவாரு, ஜெனோவாங்காரு, நேப்பிள்ஸுங்காரு. லீவுக்கு வந்தா பிள்ளையளுக்கு சாக்லேட்டு, எனக்கு இந்தக் காசு. நானும் தெருவெல்லாம் காட்டிப் பீத்தினேன்.

எங்க ஆளுக கிட்ட ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கப்பல்ல இருந்து இறங்கினவன் வீட்டுக்குள்ள காலு வைக்கதுக்கு முந்தி, போன நாட்டுக் காசு ஒண்ண மாதா கோயில் உண்டியல்ல போட்டுருவான். இவரும் போட்டாரு. போன மாசம் உண்டியல் பிரிச்சாக, நானும் எண்ண உக்காந்திருந்தேன். பாஸ்கல் அண்ணன் கப்பல்ல ஊரு ஊராச் சுத்தி ரிட்டயர் ஆனவரு. ஒரு லிராவத் தூக்கிப் பிடிச்சிட்டு, ஏலே, இது செத்த காசுல்லா, எவம்லே மாதாவையே ஏமாத்தினதுன்னு கேட்டுட்டாரு. முந்தின தடவ உண்டியல் பிரிச்ச பெறவு கப்பல்ல இருந்து ஊருக்கு வந்தது எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான். எல்லாரும் சிரிச்சாக. நானும் சேந்து சிரிச்சேன். வேற என்ன செய்ய? மூஞ்சி மட்டும் கொதிச்சிட்டு கெடந்துச்சு.

தண்ணி வேண்டாம் அண்ணாச்சி, இருக்கட்டும்.

அதோட போயிருந்தாக்கூட ஏதோ தெரியாமப் போட்டுட்டாருன்னு இருந்திருப்பேன். போன வாரம் எங்க அக்கா மக சுஜிதாவுக்கு மாப்பிள்ளை வீடு பாக்க, அவுக ஊரு பாளையங்கோட்டையில இருந்து மதுரைக்கு வேன்ல போனோம். கயத்தாறு பக்கம் ஒரு ஓட்டல்ல டீக்கு நிறுத்துனாக. வேன்ல இருந்தே பாத்தேன். தலையில ஒரு தொப்பி, கையில வாளி, ஒவ்வொரு மேசையா தொடைச்சிட்டு நிக்காரு.

ஆமா, அவருதான். என் புருசன எனக்குத் தெரியாதா?

ஏளா, ஏஜென்ட்டு ஏமாத்திட்டு ஓடிட்டான்னு வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். என் சங்கிலி போச்சுன்னு சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. மேசை தொடைக்கதுல எனக்கு வெக்கமே கிடையாது, மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன். வேன் நிறைய சொந்தக்காரங்க. நான் முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிட்டு, தலைவலி, டீ வேண்டாம்னு சுருண்டு கெடந்தேன். இறங்கி ஒரு சத்தம் குடுக்க எனக்கு நாக்கு எழும்பல பாருங்க, அந்த வெக்கத்துலதான் சோறு இறங்க மாட்டேங்கு. அன்னைக்கு சாயங்காலமே போன் போட்டாரு. நடுக்கடல்ல இருக்கேன், அலை கூடுதலுன்னாரு. பாத்து இருங்கன்னேன்.

இந்த வெள்ளிக் காசுக்கு மட்டும் எத்தன மேசை தொடைச்சாரோ, அண்ணாச்சி.

நீங்க ஏன் தலையக் குனியுதிய? போட்டோ காட்டவா? வேண்டாமா... சரி, உங்களுக்கே ஆளு யாருன்னு தெரிஞ்சிட்டு. இந்த ஊருல இப்படிப் பழைய வெளிநாட்டுக் காசு அவரு வேற எந்தக் கடையில வாங்க? நான் சண்டைக்கு வரல. நீங்க யாவாரம் பண்ணுனிய, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு வாரேன்னிருக்காரு. பஸ்ஸ விட்டு இறங்கினதும் இங்கதான் வருவாரு. வந்தா லிராவத் தொடவே விடாதிய. இத்தாலியில இப்ப ஓடுத யூரோக் காசா எடுத்துக் குடுங்க. விலை மட்டும் லிராவுக்கு வாங்கின பழைய விலையே சொல்லுங்க. மிச்சத்த நான் இப்பமே தந்துட்டுப் போறேன்.