மருந்துப் பெட்டி வேறு லாரியில் போனது

லாரி பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. என் வலது கை சாலம்மாவின் அடிவயிற்றில் இருக்கிறது. கர்ப்பப்பையை அழுத்தித் தேய்க்கிறேன். இறுகுகிறது. அடுத்த பள்ளம். தளர்கிறது. மறுபடி தேய்க்கிறேன். அவளுக்குக் கீழே விரித்த துணி நனைந்துவிட்டது. அது மூன்றாவது துணி.

பின்னால், ராயபுரம் பக்கம், அபாயச் சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கும் ஊளை. ஒரே சுருதியில் நீளமாக வந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று அர்த்தம். இது ஏறி இறங்குகிறது.

டிரைவர் உட்காரும் அறையின் தகரச் சுவரை முட்டியால் இடிக்கிறேன்.

"நிறுத்து! வண்டியை நிறுத்து!"

அவன் திரும்பிப் பார்க்காமலே கத்துகிறான். "நிக்கக் கூடாதுன்னு ஆர்டரு சிஸ்டர். சங்கு ஊதிக்கினு கீது."

வண்டி நிற்கவில்லை. சாலம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஊசி. எர்காட். பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் நிற்காவிட்டால் போடுகிற மருந்து. அது எங்களுக்கு முன்னால் போகிற லாரியில் இருக்கிறது. மேசைகளோடும் டைப் மிஷின்களோடும் போகிறது.

நாற்பத்திரண்டாம் வருஷம். பங்குனிக் கடைசி. ஜப்பான்காரன் கடல் வழியாக வருகிறான் என்று ஊர் காலியாகிக்கொண்டிருந்தது.

நான் ரெஜினா. பதிவு பெற்ற நர்ஸ். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. கூடவிருந்த நர்சுகள் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பெரிய டாக்டரும் போய்விட்டார். சின்ன டாக்டர் ஒருவர் மிச்சம். ஆண்கள் வார்டும் பெண்கள் வார்டும் என் பொறுப்பில் வந்தன. துணைக்கு ஆயா கன்னியம்மா.

காலையில் உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரியைக் காலி செய்ய வேண்டும். செங்குன்றம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறார்கள். லாரிகள் வாசலில் நிற்கின்றன. ஆபீசர் ஒருவர் வந்திருந்தார். காக்கி அரைக்கால் சட்டை. கையில் பிரம்பு. நோயாளிகளைப் பற்றி அவர் கேட்டது ஒரே கேள்வி. யார் யார் நடப்பார்கள்.

நடக்கிறவர்கள் முதல் லாரி. ஸ்ட்ரெச்சர் கடைசி லாரி. சாமான் நடு லாரி. இதுதான் அவர் திட்டம்.

நான் அவரிடம் சொன்னேன். நடப்பதையும் படுப்பதையும் வைத்துப் பிரிக்கக் கூடாது. நடக்கிறவர்கள் காத்திருக்கலாம். படுத்திருப்பவர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. யார் தாங்குவார்கள், யார் தாங்க மாட்டார்கள் என்று பார்த்து ஏற்ற வேண்டும். கொஞ்ச நேரம் கொடுங்கள், நான் பிரித்துத் தருகிறேன் என்றேன்.

"சிஸ்டர், உங்கள் வேலை ஏற்றுவது. பிரிப்பது என் வேலை" என்றார்.

நான் வார்டுக்குள் போனேன். அவர் என்ன சொன்னாலும் நான் பார்த்தாக வேண்டும்.

காளியப்பன் கத்திக்கொண்டிருந்தான். நிலக்கரி மூட்டை தூக்குகிறவன். தொடை எலும்பு முறிந்து, காலில் கட்டை வைத்துக் கட்டியிருந்தோம். சங்கு ஊதினால் என்னை விட்டுவிட்டு ஓடிவிடுவீர்கள் என்று வார்டே அதிரக் கத்தினான். அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை அசைத்தான். நாடி சீராக இருந்தது. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. அவனால் காத்திருக்க முடியும்.

அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆறுமுகம். அவன் சத்தமே போடவில்லை. முந்தின நாள் கிரேனில் தொங்கிய கப்பல் சரக்கு ஆடிவந்து இடது விலாவில் அடித்திருந்தது. வெளியே கன்றல் மட்டும். ராத்திரி சோறு கேட்டவன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். எங்கே நோவு என்று கேட்டேன். வயிற்றைக் காட்டவில்லை. இடது தோளைக் காட்டினான். தோளில் அடியே படவில்லை. தொட்டுப் பார்த்தேன், வீக்கம் இல்லை. நாடி ராத்திரியைவிட வேகம். சின்னதாக ஓடியது. கை சில்லிட்டிருந்தது. தண்ணி தா என்றான். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

உள்ளே ரத்தம் கசிகிறது. மண்ணீரலாக இருக்கலாம். வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் தோளில் வலியாகத் தெரியும். இவனை மேடுபள்ள ரோட்டில் செங்குன்றத்துக்கு அனுப்பினால் வழியிலேயே முடிந்துவிடும். அங்கே ஆபரேஷன் செய்ய ஆளும் இல்லை, அறையும் இல்லை. ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரி இன்னும் திறந்திருந்தது. தூரமும் கிட்டத்தான்.

சின்ன டாக்டரைத் தேடி ஓடினேன். அவர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வந்தார். வயிற்றில் கை வைத்தார். நான் நினைத்ததையே அவரும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றார். எதில் அனுப்புவது என்று கேட்டேன். ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் லாரி எதையும் திருப்ப முடியாது என்றார். ஒரு நோயாளிக்காக ஒரு லாரி, அது நடக்காத காரியம் என்றார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை வேறு வார்டில் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

ஆறுமுகத்தின் அண்ணன் வெளியே நின்றிருந்தான். துறைமுகத்தில் கைவண்டி இழுக்கிறவன். வண்டியும் வாசலில் இருந்தது. மெத்தையைப் போட்டு இவனை மல்லாத்தினால் உடம்பு குலுங்காமல் போகலாம். ஆனால் கூட யாராவது போக வேண்டும். நான் போனால் இங்கே மிச்சம் பேரைப் பார்க்க ஆளில்லை.

கன்னியம்மாதான் பேசினாள். "நான் இட்டுக்கினு போறேன் சிஸ்டர். நீ அந்த புள்ள பெத்தவள பாரு. அவ மூஞ்சி நல்லா இல்ல."

அவளுக்கு நான் சொன்னவை இவ்வளவுதான். தண்ணீர் கெஞ்சினாலும் கொடுக்காதே, உதட்டை மட்டும் நனை. உட்கார வைக்காதே. வாசலில் நிறுத்தினால் நகராதே. அடிபட்டு உள்ளே ரத்தம் போகிறது என்று சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. வண்டிச் சக்கரம் கல்லில் கடகடவென்று உருண்டு தெருமுனையில் திரும்பியது.

பிள்ளை பெற்றவள் சாலம்மா. காசிமேட்டுக்காரி. புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். விடியற்காலையில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. நஞ்சுக்கொடி சிரமப்பட்டுத்தான் வந்தது. ஒரு எர்காட் ஊசி போட்டிருந்தேன். கர்ப்பப்பை இறுகியது. ஆனால் கையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. அவளும் சத்தம் போடவில்லை. எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளை நகர்த்தக் கூடாது. அன்று பூராவும் அசையாமல் படுக்க வேண்டியவள். இதை ஆபீசரிடம் சொன்னேன். கட்டடத்தைப் பூட்டிச் சாவி கொடுக்க வேண்டும், ஒருத்தரும் உள்ளே இருக்கக் கூடாது என்றார். சரி, அவளை ஏற்றுகிறேன், மருந்துப் பெட்டியை எங்கள் லாரியில் வையுங்கள் என்றேன். மருந்து சாமான் கணக்கு, சாமான் லாரியில்தான் போகும் என்றார். பெட்டி வேண்டாம், நாலு ஊசிக் குப்பியும் ஒரு சிரிஞ்சும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பெட்டிக்கு அரக்கு வைத்து முத்திரை போட்டாகிவிட்டது என்றார்.

முத்திரையை நானே உடைக்கிறேன் என்று வாசலுக்குப் போனேன். சாமான் லாரி அதற்குள் கிளம்பிவிட்டது. என் கண் முன்னாலேயே தெருவில் திரும்பியது. மேலே கவிழ்த்து வைத்த நாற்காலிகளின் கால்கள் தெரிந்தன. நான் கொஞ்ச தூரம் ஓடினேன். செருப்பு அறுந்தது.

திரும்பி வந்து ஏற்றினேன். ஏற்றும் விதத்தையாவது என் இஷ்டத்துக்குச் செய்தேன். டைபாய்டு வந்த கிழவி ஒருத்தி இருந்தாள். அவளை லாரியின் கடைசியில், காற்று வெளியே போகிற பக்கம் படுக்க வைத்தேன். அவளுக்குத் தனித் துணி, தனிப் பாத்திரம். இவள் இந்தப் பிரயாணத்தைத் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். சாலம்மாவை டிரைவர் பக்கம், குலுக்கல் குறைவான இடத்தில். கால் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினேன். நடுவில் காளியப்பன்.

வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள்ளேயே ரோடு நிரம்பிவிட்டது. திருவொற்றியூரிலிருந்தும் டோல்கேட்டிலிருந்தும் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாட்டு வண்டி, சைக்கிள், தலையில் மூட்டை. ஒருவர் கோழிக் கூண்டைச் சுமந்துகொண்டு போனார். லாரி ஆரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. வியாசர்பாடியில் ரோடு காலியானது. டிரைவர் வேகம் எடுத்தான். அங்கேதான் ரத்தம் தொடங்கியது.

குழந்தையை அவள் மார்பில் போட்டேன். பால் குடித்தால் கர்ப்பப்பை சுருங்கும். குழந்தை சப்பியது. கொஞ்சம் இறுகியது. ரத்தம் குறைந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் சங்கு ஊதியது. டிரைவர் பயந்துவிட்டான். பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினான்.

இனி குழந்தையை அவள் மேல் வைக்க முடியாது. எனக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை உள்ளே, ஒரு கை மேலே வைத்துக் கர்ப்பப்பையை நசுக்கிப் பிடிக்க வேண்டும். காளியப்பனைப் பார்த்தேன். காலையிலிருந்து கத்தினவன் கையை நீட்டினான்.

"இங்க குடு சிஸ்டர்" என்றான். "நான் வச்சிக்கினு கீறேன்."

கால் கட்டையோடு மல்லாந்து கிடந்தவன் குழந்தையை நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் முறிந்த கால் இடித்தது. பல்லைக் கடித்தான். கத்தவில்லை. குழந்தை எழுந்துவிடும் என்று பயந்திருக்க வேண்டும்.

நான் பிடித்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மரத்துப்போனது. முழங்கையைத் தொடையில் முட்டுக் கொடுத்துப் பிடித்தேன். மாதவரம் போனது. வயல் வந்தது. பையன் அழறானா என்று சாலம்மா கேட்டாள். இல்லை, தூங்குகிறான் என்றேன். வீட்டில் வலை காயப் போட்டிருக்கிறது, அவரு எடுத்தாரோ என்னமோ என்றாள். தண்ணி கேட்டாள். மேலே இருந்த கையை ஒரு கணம் எடுத்து உதட்டை நனைத்தேன். கொட்டாவி விட்டாள். ரத்தம் போனவர்கள் அப்படிக் கொட்டாவி விடுவார்கள். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கையில் ஒன்றும் இல்லை.

செங்குன்றம் ஏரிக்கரை ஏறும்போது அதே கையால் நாடி பார்த்தேன், அகப்படவில்லை. கழுத்தில் தேடினேன். அங்கேயும் இல்லை. உள்ளே இருந்த கையை எடுக்காமல் பள்ளிக்கூடம் வரைக்கும் பிடித்திருந்தேன்.

வாசலில் சாமான் லாரி நின்றது. மேசைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்துப் பெட்டி அடியில் இருந்தது. அரக்கு முத்திரை உடையவில்லை. திறக்கச் சொன்னேன். எர்காட் குப்பிகள் பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

அன்று விமானம் வரவில்லை. நாங்கள் பூட்டிவிட்டு வந்த ஆஸ்பத்திரியின் மேல் ஒரு ஓடுகூட நகரவில்லை.

டைபாய்டுக் கிழவி பிழைத்தாள். நான் நினைத்தது தப்பு. கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று மறுநாள் என்னைத் திட்டினாள். ஆறுமுகமும் பிழைத்தான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கன்னியம்மாவை உள்ளே விடவில்லை. கடுதாசி எங்கே என்றார்கள். சங்கு ஊதியது. காவல்காரர்கள் பதுங்கு குழிக்குப் போனார்கள். அவளும் அண்ணனும் வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு டாக்டர் வராந்தாவில் அகப்பட்டார். நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னாளாம். உடனே வயிற்றைத் திறந்தார்கள்.

பிறகு ஒரு விசாரணை வைத்தார்கள். சாலம்மாவைப் பற்றி இருக்கும் என்று போனேன். இல்லை. பிரசவத்தில் பெண்கள் சாவது வழக்கம்தானே என்று அதை ஒரு வரியில் முடித்தார்கள். விசாரணை கன்னியம்மாவைப் பற்றி. அனுமதி இல்லாமல் வார்டை விட்டுப் போனாளாம். நான்தான் அனுப்பினேன் என்றேன். நர்ஸ் சொல்வது அனுமதி ஆகாது என்றார்கள். டாக்டர் சொன்னார் என்றேன். சின்ன டாக்டர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போய்விட்டிருந்தார். எழுதினேன். பதில் இல்லை. அப்படியானால் ஆறுமுகம் சாவதுதான் முறையா என்று கேட்டேன். அது கேள்வியே அல்ல என்றார்கள். அந்த மேசையில் ஆபீசரின் அதே பிரம்பு இருந்தது.

இப்போது பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. யுத்தத்தில் செத்தவர்கள் என்று எங்கெங்கோ பேர் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதில் இல்லை. குண்டு பட்டுச் சாகவில்லையே. அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

அன்று நாங்கள் இழந்தவை.

சாலம்மா. காசிமேடு. தலைப்பிரசவம்.

முதல் லாரியில் நடக்கிறவர் என்று ஏற்றப்பட்ட பெரியவர் ஒருவர். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. நடக்கச் சொன்னார்கள், நடந்தார். லாரியில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். அவர் பேர் தேவசகாயம்.

காளியப்பனின் கால். எலும்பு இடம் மாறிக் கோணலாகக் கூடியது. அதற்கப்புறம் அவன் மூட்டை தூக்கவில்லை.

கன்னியம்மாவின் வேலை.

ஒரு குழந்தைக்குத் தாய்.

பெட்டியில் இருந்த மருந்து பூராவும் கணக்குச் சரியாக இருந்தது.