நானூற்றுப் பதினேழாம் டோக்கனுக்கு எடுத்த எட்டுப் படங்கள்

எனது பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு ஆகியவை இத்துடன் இணைத்துள்ள தனித்தாளில் கண்டபடி. வயது அறுபத்து மூன்று. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்குள்ளும் போனேன், அதுவே என்னை வெளியே அனுப்பிவிட்டது. தொழில், நிலத்துக்கு அடியில் பாறையில் துளை போடுவது, இருபத்து நான்கு வருடம். தற்போதைய தொழில் மூச்சு விடுவது, அதுவும் பகுதி நேரமாகத்தான் நடக்கிறது. இதையும் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டதற்கு, சாட்சி சொன்னபடியே எழுதும்படி விசாரணை அதிகாரி கூறினார்.

இன்று காலை பத்தரை மணிக்கு அதிகாரி வழக்கின் கோப்பைத் திறந்து, 'டோக்கன் நானூற்றுப் பதினேழு' என்று வாசித்தார். கடைசி பெஞ்சில் இருந்த நான் எழுந்து கையைத் தூக்கி, 'இருக்கேன் சார்' என்றேன். அதிகாரி என்னைப் பார்த்து, 'அவர் இறந்து பதினோரு மாசம் ஆச்சே' என்றார். அதற்குள் நான் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றியிருந்தேன். கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இறந்தவரின் மனைவி முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, மற்ற எல்லோரும் சிரித்தார்கள்.

சுரங்கத்தில் எனக்குக் கொடுத்த டோக்கன் எண் நானூற்று இருபத்திரண்டு. நானூற்றுப் பதினேழு என்று கூப்பிட்டால் எழுந்து சட்டையைக் கழற்றுவது எனக்கு எட்டு வருடப் பழக்கம். அது ஏன் வந்தது என்பதைச் சொல்லவே நானாக வந்திருக்கிறேன். யாரும் என்னை அழைக்கவில்லை.

இறந்தவன் எனக்கு உறவு அல்ல, கூட்டாளி. உயரமானவன் என்பதால் சுரங்கத்தில் அவனை நெட்டையன் என்பார்கள். நான் குட்டை, மார்பு அகலம், அதனால் எனக்குத் துருத்தி என்று பெயர். அவன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணே என்பார். இறந்தவரை 'அவர்' என்று எழுதட்டுமா என்று எழுத்தர் கேட்டார். அப்படி எழுதினால் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் இருக்கும், அவன் என்றே இருக்கட்டும் என்றேன்.

நாங்கள் இருவரும் பதினேழு வருடம் ஒரே மிஷினில் வேலை செய்தோம். துளை போடும் மிஷின் ஓர் ஆள் எடை இருக்கும். முன்னால் நின்று கம்பியைப் பாறையில் பிடித்துக் கொடுப்பவன் நெட்டையன், பின்னால் நின்று தள்ளுபவன் நான். மிஷினோடு ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. அதைத் திறந்து வைத்தால் பாறைத் தூசி சேறாகக் கீழே வடியும், பறக்காது. ஆனால் ஆள் இடுப்பு வரை நனைவான், வேலையும் மெதுவாகும். ஒரு ஷிப்டுக்கு இத்தனை துளை என்று இருந்ததால் நாங்கள் குழாயை மூடிவிட்டு வேலை செய்தோம். மேஸ்திரிக்கும் தெரியும். மேலதிகாரிகள் இறங்கும் நாளில் மட்டும் முன்கூட்டியே தகவல் வரும், அன்று எல்லாக் குழாயும் திறந்திருக்கும். மற்ற நாட்களில் வெள்ளைத் தூசி கிளம்பி, இரண்டடி முன்னால் நிற்கும் நெட்டையனின் முதுகு எனக்குத் தெரியாது. கம்பெனி முகமூடி கொடுத்திருந்தது. போட்டுக்கொண்டால் மூச்சு முட்டியது என்பதால் அதில் டீ வடிகட்டினோம். நல்ல வடிகட்டி. டீயில் ஒரு துகள் இருக்காது.

அதன் பிறகு படம் எடுக்கும் விஷயம். வருடத்துக்கு ஒரு முறை சுரங்க வாசலுக்கு ஒரு வண்டி வந்து, இரண்டு நாளில் முந்நூறு பேருக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுப்பார்கள். வண்டியில் இருப்பவர் டோக்கனைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்க நேரம் இருக்காது. ஒரு வருடம் நெட்டையனின் படத்தில் இரண்டு பக்கமும் சிறு புள்ளிகள் தெரிகின்றன என்று மருத்துவ அறையிலிருந்து தகவல் வந்தது. அடுத்த வருடமும் அப்படியே இருந்தால் அவனை மேலே விளக்கறைக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொன்னார்கள். தலைவிளக்குகளைத் துடைத்து அடுக்கும் வேலை அது. கால் போனவர்களும் கண் போனவர்களும் அங்கே இருந்தார்கள். நெட்டையன் என்னிடம், 'லைட்டு துடைக்கவாடா எனக்கு இவ்வளவு நீளத்துக்குக் கையக் கொடுத்தாங்க? உன் நெஞ்சு துருத்தி மாதிரி இருக்கு. எனக்கு ஒரு தடவ கடன் குடு' என்றான்.

அதன் பேரில் அடுத்த வருடம் முதல் நாள் என் டோக்கனோடும் இரண்டாம் நாள் அவன் டோக்கனோடும் நான் வண்டிக்குள் போனேன். படம் எடுப்பவர் என்னை நிறுத்தி, 'உன்ன நேத்தே பாத்தனே' என்றார். 'அது என் தம்பி சார்' என்றேன். 'ரெண்டு பேருக்கும் நெஞ்சுல ஒரே இடத்துலயா மரு?' என்றார். 'குடும்ப மரு சார்' என்றேன். அவர் சிரித்துவிட்டு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நெட்டையனின் நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று தகவல் வந்தது. இருந்த புள்ளி எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல செய்தியை யார் குடைந்து பார்ப்பார்கள்? நாங்கள் இருவரும் அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து, வெளியே வந்து இரண்டு நாள் சிரித்தோம். இவ்வாறு எட்டு வருடம் எட்டுப் படம் எடுக்கப்பட்டது. எட்டிலும் உள்ள நெஞ்சு என்னுடையது.

அதன் பிறகு, பதினோரு வருடத்துக்கு முன்பு அந்தச் சுரங்கம் மூடப்பட்டு நாங்கள் வீட்டுக்கு வந்தோம். வேலையை விட்டால் தூசியும் விட்டுவிடும் என்று நினைத்தோம். பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, உள்ளே போன தூசி தன் வேலையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்குமாம். நாங்கள் ஓய்வு பெற்றோம், அது பெறவில்லை.

நெட்டையன் வீடு இரண்டாவது மாடி. முதலில் அவன் படிக்கட்டு நடுவில் நின்று மின்சார மீட்டர்களைப் பார்க்க ஆரம்பித்தான். என்னடா என்று கேட்டால், 'ரீடிங் எடுக்கறேன்' என்பான். பிறகு ஒவ்வொரு மாடியிலும் ரீடிங் எடுத்தான். பிறகு கீழே இறங்குவதை விட்டுவிட்டான். காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், குணமில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தே தூங்கினான். இடுப்பு வாரில் தங்கச்சி கத்திரிக்கோல் முனையால் புதிதாக மூன்று ஓட்டை போட்டார். பேச்சைத் தவணையாகப் பேசினான். ஒரு வாக்கியத்தின் பாதியில் நிறுத்திக் கையைக் காட்டுவான், மூச்சு வந்ததும் மீதியைச் சொல்வான், அதற்குள் நான் தப்பாக முடித்து வைத்திருந்தால் கோபப்படுவான். டீயை ஊதி ஆற்ற அவனால் முடியாது. டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு அதுவாக ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். கடைசி ஒன்றரை வருடம் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடியது. கரண்ட் போனால் நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருப்போம்.

அவன் இறந்த பிறகு, சுரங்கத் தூசியால் வந்த நோய் என்று பதியக் கோரித் தங்கச்சி மனு கொடுத்தார். அதற்குக் கம்பெனி, கடைசி வருடம் வரை நெட்டையனின் நெஞ்சு சுத்தமாக இருந்ததற்கு எட்டுப் படங்கள் சாட்சி என்றும், பிற்பாடு வந்த நோய்க்கு அவனது புகைப் பழக்கமே காரணமாக இருக்கலாம் என்றும் பதில் கொடுத்தது. தங்கச்சி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, 'காசு குடுக்கட்டும், குடுக்காம போகட்டும்ணே. ஒரு நாள் ஒரு சிகரெட்டு தொட்டிருப்பாரா? அவரே இழுத்து வச்சுக்கிட்ட வியாதின்னு எழுதிட்டாங்களே' என்றார். நான் தலையை ஆட்டினேன். எட்டுப் படங்களின் நகல்களும் அவரிடம் இருந்தன. என் மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை செய்வதால், அவளைப் பார்க்கச் சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

மகள் அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். அதன் பிறகு உள்ளே போய், இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கு மூச்சிரைப்பு வந்தபோது அவளே எடுத்த என் படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டினாள். இடது பக்கம் ஆறாவது விலா எலும்பு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. நான் அந்த நேரம் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள்.

'அப்பா, இந்த எலும்ப நான் கண்ண மூடிக்கிட்டு வரைவேன்' என்றாள் மகள். நடந்ததைச் சொன்னேன். மனைவி, 'முப்பத்தஞ்சு வருஷமா எங்கிட்ட ஒரு பொய்ய ஒழுங்காச் சொல்லத் தெரியல, ஒரு கம்பெனிய எப்படி ஏமாத்தினீங்க?' என்றாள். மகள் சிரிக்கவில்லை. என் படத்தில் இப்போது தெரியும் புள்ளிகளை விரலால் தொட்டுக் காட்டி, 'அத்தைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?' என்று கேட்டாள். மறுநாள் நானே போய்த் தங்கச்சியிடம், படங்களில் இருப்பது நான் என்று சொன்னேன். அவர் படங்களை என்னிடமிருந்து வாங்கி உறைக்குள் வைத்தார். பிறகு, 'இத அங்க வந்து சொல்வீங்களாண்ணே?' என்று மட்டும் கேட்டார்.

ஆள்மாறாட்டம் குற்றம் என்றும், இந்த வாக்குமூலம் எனக்கு எதிராகப் பயன்படலாம் என்றும், தூசி நோய்க்காக நான் பிற்காலத்தில் கொடுக்கும் மனுவையும் இது பாதிக்கலாம் என்றும் அதிகாரி எனக்கு எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டேன். எட்டு வருடம் பொய் சொன்ன உங்களை இப்போது எப்படி நம்புவது என்று கம்பெனி வக்கீல் கேட்டார். 'என்ன நம்ப வேண்டாம் சார், என் விலா எலும்ப நம்புங்க' என்றேன். முதல் படத்துக்கு மூன்று வருடம் முன்பு கூரைக் கல் விழுந்து அந்த எலும்பு முறிந்தது கம்பெனியின் விபத்துப் பதிவேட்டிலேயே இருக்கிறது. நெட்டையனுக்கு எலும்பு முறிந்ததாக எந்தப் பதிவிலும் இராது.

ஒவ்வொரு வருடமும் இறந்தவர் கேட்டுக்கொண்டதால்தான் போனீர்களா என்று அதிகாரி கேட்டார். முதல் ஐந்து வருடம் அவன் கேட்டான் என்றேன். அச்சமயம் சாட்சிக்கு இருமல் வந்ததால் தண்ணீர் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு அதிகாரி, தண்ணீர்க் குழாயை மூடிய விஷயம் மேஸ்திரிக்குத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். என்னோடு வேலை செய்தவர்களில் உயிரோடிருக்கும் நான்கு பேரைச் சொன்னேன்.

எழுத்தர் எழுதிய இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதே இதில் இருக்கிறது, சொல்லாதது ஒன்றும் சேரவில்லை. (ஒப்பம்)

இதற்குக் கீழே உள்ளது நானே என் கையால் எழுதியது. பேச மூச்சு போதவில்லை, ஒரே ஒரு பதிலை எழுதித் தருகிறேன் என்று கேட்டதில் அதிகாரி தாளைக் கொடுத்தார். அடியில் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன், எழுதும்போது மனசு மாறிவிடக் கூடாது என்று. தங்கச்சி எனக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அவன் கேட்டானா என்ற கேள்விக்கு நடுவில் வந்தது நிஜமான இருமல்தான். ஆனால் அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நான் இருமினேன்.

ஆறாவது வருடம் நெட்டையன் என்னைக் கேட்கவில்லை. படம் எடுப்பதற்கு முதல் நாள், கீழே இறங்கும் கூண்டுக்காக வரிசையில் நின்றபோது, 'இந்த வருசம் நானே போறேன்டா துருத்தி. தெரியறது தெரியட்டும். லைட்டு துடைச்சாலும் மூச்சு விட்டுக்கிட்டே துடைக்கலாம்ல' என்றான். சரி என்றேன். மறுநாள் ஷிப்டு முடிந்து அவன் குளிக்கப் போனதும், ஆணியில் தொங்கிய அவன் சட்டையிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது பட்டியலில் அவன் எண்ணுக்கு நேராகப் படம் எடுத்தாயிற்று என்று கோடு விழுந்திருந்தது. அவன் கோபப்படவில்லை. ஈரக் கையை என் தோளில் வைத்து, 'என்ன விட உனக்குத்தான்டா எம்மேல அக்கறை' என்றான். அதற்கடுத்த இரண்டு வருடமும் அப்படியே நானாகத்தான் போனேன்.

அக்கறை இல்லை. அவனை மேலே மாற்றியிருந்தால் எனக்கு வேறு ஆளைக் கொடுத்திருப்பார்கள். அவன் இல்லாமல் கீழே இறங்க எனக்குப் பயமாக இருந்தது.

(ஒப்பம்)