அறுபது அடிக்கு ஆறு குறைவு

மாமனார்: ...இழுக்காதீங்க மாப்ள. டேப்பு தொய்யாம இருந்தா போதும்.

மருமகன்: நான் இழுக்கல மாமா. காத்து.

மாமனார்: காத்து அப்பவே நின்னுடுச்சு. எவ்வளவு காட்டுது?

மருமகன்: ஐம்பத்து... நாலு.

மாமனார்: பேப்பர்ல?

மருமகன்: அறுபது. நிலம் கொஞ்சம் சரிவு பாருங்க, அதான்...

மாமனார்: சரிவுல அளந்தா கூடத்தான் காட்டும். குறைச்சா காட்டும்?

மருமகன்: வெயில்ல டேப்பு நீண்டிருக்கும்.

மாமனார்: இரும்பு டேப்பு ஆறடி நீளுற வெயில்னா நாம ரெண்டு பேரும் உருகியிருப்போம்.

மருமகன்: இந்த நாட்டுல பேப்பர்ல இருந்தா இருந்ததுதான் மாமா. நம்ம ஊரு மாதிரி இல்ல.

மாமனார்: இங்கயும் வேலி போடறது மனுஷன்தானே.

மருமகன்: பேரனைப் பாக்க வந்த எடத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நீங்க தையல்காரர். இது ஒண்ணும் சட்டை இல்ல.

மாமனார்: நாப்பது வருஷம் அளவு எடுத்திருக்கேன். இடுப்புல டேப்பை வெச்சா எல்லாரும் வயித்தை உள்ள இழுப்பாங்க. ஒரு நிலம் இழுத்து இப்பதான் பாக்கறேன்.

மருமகன்: வெயில் ஏறுது மாமா, கிளம்பலாமா?

மாமனார்: பிளான்ல மூலைக்கு ஒரு எல்லைக் கம்பி போட்டிருக்கே. அது எங்க?

மருமகன்: வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும். அடுத்த வீடு மாமா, எட்டிப் பாத்தா போலீசைக் கூப்பிடுவாங்க.

மாமனார்: கூப்பிடல. காபி வேணுமான்னுதான் கேட்டாங்க.

மருமகன்: எப்போ?

மாமனார்: நேத்து. நடக்கப் போனேன்ல.

மருமகன்: பாஷை தெரியாம என்னத்தைப் பேசினீங்க?

மாமனார்: டேப்பைக் காட்டினேன். ஷெட்டைத் திறந்து காட்டினாங்க. கம்பி உள்ளதான் இருக்கு. சைக்கிளைச் சாத்தி வெச்சிருக்காங்க.

மருமகன்: நம்ம நிலத்துலயா ஷெட் போட்டிருக்காங்க?

மாமனார்: நம்ம நிலமா?

மருமகன்: ...வாங்கினா நம்மதுதானே.

மாமனார்: வாங்கலாமா வேணாமான்னு பாக்கத்தானே வந்தோம்?

மருமகன்: ஆமா.

மாமனார்: வேணாம். புரோக்கருக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிடுங்க.

மருமகன்: இப்பவா?

மாமனார்: போன்ல சார்ஜ் இல்லையா?

மருமகன்: இருக்கு.

மாமனார்: சிக்னல்?

மருமகன்: இருக்கு மாமா.

மாமனார்: அப்புறம்?

மருமகன்: ...நான் ஒண்ணு சொல்லணும். அவ காதுக்குப் போகக் கூடாது.

மாமனார்: என் பொண்ணு காதுக்கா?

மருமகன்: கையெழுத்து போட்டுட்டேன்.

மாமனார்: ம்.

மருமகன்: வேற ஒருத்தர் தயாரா நிக்கறாருன்னு புரோக்கர் சொன்னான். பன்னெண்டு வருஷமா வாடகை வீடு மாமா... ஒரு ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேக்கணும். பத்திரத்தைக் கையில கொடுத்துட்டு அவகிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். அளக்கணும்னே தோணல... ஏன் மாமா ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க? திட்டவாவது செய்ங்க.

மாமனார்: திட்டக் கூடாதுன்னு உத்தரவு. உங்க பையில கையெழுத்து போட்ட பேப்பரை அவ அன்னைக்கே பாத்துட்டா. அளவு தப்பா இருந்தா இருபது நாளுக்குள்ள எழுதிக் கொடுத்து விலகிக்கலாம்னு வக்கீல்கிட்டயும் கேட்டுட்டா. இன்னைக்குப் பதினெட்டாவது நாள். பேரனைப் பாக்கவா வந்தேன்? டிக்கெட் எடுத்து அனுப்பினதே அவதான். 'அவரா வாயைத் திறக்கற வரைக்கும் கேக்காதீங்கப்பா'ன்னா. நீங்க வாயைத் திறக்க எப்படியும் பதினோரு மணி ஆக்கிடுவீங்கன்னு சர்வேயரை அந்த நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கா. இப்ப பத்தரைதான் ஆகுது... டேப்பைச் சுத்துங்க மாப்ள, கொஞ்ச நேரம் நிழல்ல உக்காருவோம்.