யோகநாதருக்கு ஒரு திதி வெண்பா

உங்கள் பொலிஸ் நிலையத்துக் கோப்பி குடிக்கக்கூடியதாகவே இருக்கிறது, நன்றி. மொழிபெயர்க்கிற தங்கச்சி சென்னைப் பிள்ளை போலும். ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். ஒன்று மட்டும். வெண்பா என்று நான் சொல்வதை அதிகாரியிடம் வெறுமனே கவிதை என்று சொல்லிவிடாதீர்கள். கவிதை இந்த ஒஸ்லோவில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

நான் ஆய்வு செய்தது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து லண்டன் பதிப்பாளர்களைப் பற்றி. அந்த ஆய்வேட்டைத் தேர்வாளர்களே முழுதாக வாசித்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்துப் புத்தக வியாபாரிகள் கெட்டிக்காரர்கள். பெரிய மனிதர் ஒருவர் படுக்கையில் விழுந்தால் போதும், அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு அச்சுக் கோக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் படிப்பை வைத்து நான் செய்த தொழில், நோர்வேயில் இறந்துபோகும் தமிழருக்கு நினைவு மலர் போடுவது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் வடையோடு கொடுத்துவிடுகிற புத்தகம். எல்லா மலரிலும் ஒரே மனிதர்தான் சாகிறார். மனைவியை அடித்தவர்கூட அதிலே இல்லறத்துக்கு இலக்கணம். எழுதி எழுதி எனக்குக் கை கூசிவிட்டது.

முதற்பக்கத்தில் திதி வெண்பா வரும். இறந்தவரின் பெயர், மாதம், பிறை, திதி எல்லாம் நான்கு அடிக்குள் அடங்கவேண்டும். வருடா வருடம் திவசத்துக்கு நாள் தெரிவதற்காக. மற்றவர்கள் யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தை அப்படியே பார்த்து எழுதுவார்கள், இங்கே நேரம் பிந்தியது என்ற நினைப்பே இல்லாமல். நான் நேரத்தைக் கழித்துப் பார்க்காமல் ஒரு எழுத்தும் வைத்ததில்லை.

மார்கழியில் துசாந்தினி வந்தாள். ட்வெய்ட்டாப் பக்கத்துத் தொடர்மாடியில் தனியாக இருந்த அவளுடைய தகப்பன் யோகநாதர் இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். "டொக்டர்மார் கைவிட்டிட்டினம் அண்ணை. மலரை இப்பவே எழுதி வையுங்கோ," என்றாள். வெண்பாவை அவள் கேட்கவில்லை. நாள் தெரியாமல் எப்படிக் கேட்பாள்? நான்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டி, தை வளர்பிறை ஏகாதசி சரியாக இருக்கும் என்று கணித்தேன். எழுத உட்கார்ந்தால் பாட்டு தானாக வந்தது. என் வாழ்நாளில் எழுதிய ஒரே நல்ல வெண்பா. அவர் பெயரும் அந்தத் திதியும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டன. ஒன்றைத் தொட்டால் மற்றது சிதைந்துவிடும்.

மனிதர் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார்.

மலரைப் பார்க்க வேண்டும் என்று அவரே கூப்பிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடைய சாவைச் சந்தோசமாக வாசித்தார். விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவராக இருந்ததையும் சேர்க்கச் சொன்னார். பிறகு வெண்பாவுக்கு வந்தார்.

"பாட்டு நல்லாத்தான் கிடக்கு. பேரையும் நாளையும் மாத்திப்போட்டு வேறை ஆருக்கும் குடும்."

பழைய சட்டையைக் கொடுத்துவிடச் சொல்வதைப்போலச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது.

ஏகாதசியன்று இடியப்பம் வாங்கிக்கொண்டு போனேன். மகள் வந்தால் மணத்தை வைத்துப் பிடித்துவிடுவாள் என்று அவர் பல்கனியில் நின்றுதான் சிகரெட் பிடிப்பார். அன்று நல்ல உறைகுளிர். சாரத்தோடும் பெனியனோடும் வெளியே போனார். நான் கதவின் பிடியை உள்ளேயிருந்து திருப்பிப் பூட்டிவிட்டு, மலரின் பிழை திருத்த உட்கார்ந்தேன். முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு கண்ணாடியில் தட்டினார். பிறகு சிரிக்காமல் தட்டினார்.

"தம்பி, குளிருது. திறவும்."

கதிரையை மற்றப்பக்கம் திருப்பிப் போட்டேன். சத்தம் நின்றபோது ஏகாதசி இன்னும் முடிந்திருக்கவில்லை. பிடியை முன்போலத் திருப்பிவிட்டு, தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே நீங்கள் என்னைப் பிடிக்கவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். அந்தியேட்டியன்று மலரைத் திறந்தேன். முதற்பக்கத்தில் யோகநாதர் பனியில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். வெண்பா எந்தப் பக்கத்திலும் இல்லை. கடைசி நேரத்தில் துசாந்தினி எடுத்துவிட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"அதை ஆர் அண்ணை வாசிக்கினம்? அப்பான்ரை கலர்ப் படம் வடிவா வந்திருக்கு."

அந்தக் கால லண்டனில் தூக்குக்குப் போகிறவனின் வாக்குமூலத்தை அச்சடித்து விற்பார்கள். வேறு எந்தக் கவிஞனைவிடவும் அவனுக்கு வாசகர் அதிகம். நீங்கள் தூக்கில் போடுவதில்லை என்று தெரியும். ஆனால் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிறீர்கள், அதுவே எனக்குப் போதும். வாசிக்கத்தக்கதாக ஒன்றுமே செய்யாமல் வாழ்ந்த ஒரு மனிதருக்கு நான்கு நல்ல அடிகளைக் கொடுத்தேன். செய்தது எல்லாம் அவருக்காகத்தான்.

இப்போது பாட்டைச் சொல்கிறேன், தனிப்பக்கத்தில் போடுங்கள். கீழே என் பெயர் வரவேண்டும். இறந்தவர் பெயரை வெளியே விடக்கூடாது என்பது உங்கள் சட்டமென்றால் கவலைப்பட வேண்டாம். அந்த இடத்தில் வேறு பெயர் வைத்துத் தருகிறேன். அதற்கு அதிக நேரம் பிடிக்காது.