வெள்ளை என்று எழுதிய உறை

குதிரைக்குட்டி என்ன நிறத்தில் பிறக்கும் என்று முன்கூட்டியே சொல்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தாயும் தகப்பனும் செம்பழுப்பு என்றால் கறுப்புக் குட்டி வர வழியே இல்லை. கல்லூரியை நான் பாதியில் விட்டேன். இந்தக் கணக்கு மட்டும் என்னை விடவில்லை.

லாயத்தில் வேலை வாங்கித் தந்தவர் என் தாய்மாமா. குதிரைகளைப் பார்த்துக்கொள்வது அவர். எந்தப் பெட்டையை எந்த ஆணோடு சேர்ப்பது என்று முடிவு செய்வது நான். செவத்தி என்ற பெட்டை அவருக்குப் பெற்ற பெண் மாதிரி. அதன் பிடரியிலிருந்தும் துரை என்ற ஆண் குதிரையின் பிடரியிலிருந்தும் நாலு மயிரைப் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். என் மேசையில் நீங்கள் கண்டெடுத்த தாள் அதற்கு வந்த பதில்தான். இரண்டிலும் ஒரே மரபணு இருக்கிறது, சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கலாம் என்றிருந்தது. அப்படிப் பிறப்பதற்குக் குடல் வேலை செய்யாது, சேர்க்கவே கூடாது என்றும் அடியில் இருந்தது. படித்தேன்.

அந்த வாரம் எல்லார் முன்னாலும் மாமா வம்புக்கு இழுத்தார். "டாக்டரு, படிப்பத்தான் முடிக்கல. செவத்திக்கு என்ன கலர்ல பொறக்கும்னாவது சொல்லு பாப்போம்."

"வெள்ளை," என்றேன்.

"ரெண்டும் செவப்பு. வெள்ளை எங்கேருந்துடா வரும்? சுண்ணாம்பு அடிக்கப் போறியா?"

சிரித்தார்கள். ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சுவரில் குத்தி வைத்தேன்.

முதல் குட்டி செம்பழுப்பு. அடுத்ததும் செம்பழுப்பு. இரண்டு வருடம் சிரித்தார்கள். சொன்னதை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாம் முறையும் அதே ஜோடியைத்தான் சேர்த்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது மாமாதான்.

மூன்றாவது வெள்ளை. கண் நீலம். தானாக எழுந்து நின்று பால் குடித்தது. மாமா உறையைக் கிழித்துப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கடா மாப்ள. உன்ன என்னவோன்னு நெனச்சுட்டேன்."

அன்று மாலையே குட்டிக்கு வயிறு உப்பியது. சாணி போகவில்லை. கீழே விழுந்து உருண்டது.

"வயித்தத் தடவி விட்டா சரியாயிருமாடா?"

"தடவுங்க மாமா."

அவருக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டுமே. இரண்டு நாள் தடவினார். மூன்றாம் நாள் அந்த வேலை இருக்கவில்லை.

ஆமாம், தெரிந்தேதான் சேர்த்தேன். ஆனால் குட்டியை நான் தொடக்கூட இல்லை. நான் சொன்னது நிறம் மட்டும்.

ஒருமுறை பலித்தால் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். செவத்திக்கு இப்போது ஏழாம் மாதம். ஜோடி அதேதான், புது உறையும் சுவரில் இருக்கிறது. இந்தத் தடவை குட்டி பிழைத்துக்கொள்ளும் என்று மாமா தினமும் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கண்டெடுத்த தாளை அவரிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். அவர் மனசு தாங்காது.